உன் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

என் அன்பு உலகு,

நீ போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. இந்தக் கடிதத்தை நம் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவியர் மலரில் போடப்போகிறார்கள். ஆகவே நம்மோடு படித்தவர்கள் எல்லாரும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். நான் உனக்குச் செய்ததை நாலு பேர் அறிவதில் எனக்கு ஆட்சேபணை இருந்தது. போன வெள்ளிக்கிழமையோடு அது போய்விட்டது.

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு பக்கம். உலகம்மையைப் பற்றி ஒரு நினைவஞ்சலி, நீங்கள்தான் கூடப் படித்தவர், நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும் என்றார்கள். உட்கார்ந்து எழுதினேன். எங்கே பிறந்தாய், எந்த வருஷம் பள்ளியை விட்டாய், எறிபந்தில் எப்படி ஆடினாய், ஏரலில் வாக்கப்பட்டது, ஒரே மகள், இரக்க மனசு. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு அடித்தல் கிடையாது. அன்று சாயங்காலமே கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மலரின் பொறுப்பாசிரியப் பெண் போன் பண்ணினாள். "எப்படி மேடம் இவ்வளவு சீக்கிரமா எழுதிட்டீங்க!" என்றாள். நான் ரிசீவரை வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவுதான். ஆனால் அந்த வார்த்தை என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உனக்குத் தரவேண்டிய நாலு பக்கத்தை மூன்று வருஷமாக எழுத முடியாதவள், நீ செத்துப்போனதை முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்துவிட்டேனே உலகு. அந்தப் பக்கத்தைத் திருப்பி வாங்கிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இது.

விவரம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழசைச் சொல்கிறேன். நீ பொறுத்துக்கொள்.

ஐந்தாம் பாரம், அதாவது இப்போதைய பத்தாம் வகுப்பு, படிக்கும்போது, பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் நாம் இரண்டு பேரும் மாறி மாறி ஒரு கதை எழுதினோம். நீ கதாநாயகியைக் கிணற்றில் தள்ளிவிட்டு நோட்டை என்னிடம் தருவாய். நான் கயிறு போட்டுத் தூக்கிவிட்டு உன்னிடம் தருவேன். பாடம் நடத்திய கன்னியாஸ்திரி, நம் சிஸ்டர், ஒருநாள் பிடுங்கிக்கொண்டுபோனார். அத்தோடு நின்றது. நான் கட்டுரைப் போட்டியில் வருஷா வருஷம் பரிசு வாங்கினேன். நீ வருஷா வருஷம் தமிழில் தேறியதே பெரிய விஷயம். உன் கட்டுரைகளை சிஸ்டர் பார்ப்பதற்கு முன்னால் நான்தான் பார்த்துத் தருவேன்.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து நீ அதை மறுபடி ஆரம்பித்தாய். என் வீட்டுக்காரருக்கு முதல் வருஷத் திதி முடிந்த அந்த வாரம், ஏரலிலிருந்து பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்கு வந்தாய். ரப்பர் வளையம் போட்ட ஒரு நீள நோட்டை என் மடியில் போட்டாய்.

"ஏட்டி, எத்தன நாளைக்கு இந்தச் சன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப்போற? சன்னல் எங்கயும் ஓடிப்போயிறாது. இந்தா."

"என்னது இது?"

"கதை. மொத அத்தியாயம் நான் எழுதிட்டேன். அடுத்தது உனக்கு. என்ன வேணா எழுது. அவளக் கொல்லணும்னாலும் கொல்லு. அடுத்தது என்னன்னு எங்கிட்ட மட்டும் கேக்காத."

"நம்ம வயசுல இதெல்லாம் எதுக்குளா?"

"நம்ம வயசுலதான் எழுதணும். பிடுங்கிட்டுப் போக ஆளு கிடையாது."

நீ போன பிறகு வாசித்தேன். வடிவு என்றொரு பொம்பளை. ஐம்பத்தைந்து வயசு. புருஷன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள். மாலையும் சால்வையுமாக அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், வீடு நிறைய ஆட்கள். சாம்பாருக்குக் கறிவேப்பிலை இல்லை என்று வடிவு கடைக்கு இறங்குகிறாள். வீட்டில் போடுகிற ரப்பர் செருப்போடு. சாத்தான்குளம் பஸ் ஒன்று அவள் பக்கத்தில் வந்து நிற்கிறது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் எதையும் யோசிக்கவில்லை. ஏறிவிடுகிறாள். கண்டக்டர் வந்து, "எங்க போணும் ஆச்சி?" என்கிறார். அங்கே நிறுத்தியிருந்தாய்.

நன்றாக இருந்தது உலகு. அதை உன்னிடம் சொல்லவே இல்லை. "பரவாயில்ல, வாசிக்கும்படி இருக்கு" என்று போனில் சொன்னேன். நீ அதற்கே அவ்வளவு சிரித்தாய். வடிவு ஏறும்போது படிக்கட்டின் கம்பி வெயிலில் சுட்டது என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரி எனக்கு வராது. பரிசு வாங்கினவளுக்கு வராது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்ததை எனக்கே சொல்லிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் மாதம் மேசையைச் சன்னலோரம் நகர்த்தினேன். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சுவரோரம் நகர்த்தினேன். நல்ல பேனா வேண்டும் என்று ஜங்ஷனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். பிறகு, தெரியாததை எழுதக்கூடாது என்று தோன்றி, பஸ் ஸ்டாண்டுக்கே போய் சாத்தான்குளம் வண்டிகள் எத்தனை மணிக்குப் புறப்படுகின்றன, எங்கெங்கே நிற்கும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். ஒரு நாள் இல்லை, நாலு நாள். டைம் கீப்பர் அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தவர் நாலாம் நாள் கேட்டுவிட்டார்.

"ஆச்சி, சாத்தான்குளத்துக்கா போறீய?"

"இல்ல."

"பின்ன எதுக்கு அந்த வண்டியவே பாத்துக்கிட்டு நிக்கீய? செக்கிங்கா?"

எனக்குப் பட்டென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, பொது இடத்தில் பெண்களிடம் ஊழியர்கள் பேசும் முறை பற்றி ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அரை மணி நேரத்தில் முடிந்தது. நல்லவேளை, தபாலில் சேர்க்கவில்லை. அந்த மனிதர் கேட்டதில் தப்பே இல்லை.

இந்த மூன்று வருஷமும் நான் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்காதே. தெருவிளக்குக்கு எழுதினேன். தண்ணீர்க் குழாய்க்கு எழுதினேன். கேபிள்காரன் வயரை மாடியில் தாழத் தொங்கவிட்டதற்கு எழுதினேன். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை, எதிர்வீட்டுப் பையன் பாங்க் வேலைக்குப் போட்ட விண்ணப்பம், எல்லாம் என் கைதான். பெறுநர், பொருள், ஐயா என்று ஆரம்பித்தால் தண்டவாளத்தில் போகிற மாதிரி போய், இப்படிக்கு என்று நின்றுவிடும். அதில் எது சரி, எது தப்பு என்பது எழுதுகிறவளுக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

வடிவு எந்த ஊரில் இறங்கினால் சரி? யாரிடம் போய்க் கேட்பேன்? செய்துங்கநல்லூர் என்று நினைத்தால் ஏன் பேய்க்குளம் ஆகக்கூடாது என்று தோன்றும். எந்த ஊரானாலும் சரிதான் என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது. வழி ஒன்றே ஒன்று என்றால் எத்தனை முள் கிடந்தாலும் நடந்துவிடுவேன், என் சுபாவம் உனக்குத் தெரியும். எட்டுத் திசையும் திறந்துகிடந்தால் நான் வாசலிலேயே நின்றுவிடுகிறேன். பள்ளியில் நம்மை அப்படிப் பழக்கினார்களோ என்று யோசித்தேன். முதலில் ரஃப் நோட்டு, பிறகு நல்ல நோட்டு. நல்ல நோட்டில் ஒரு அடித்தல் விழுந்தாலும் பக்கம் முழுவதும் திரும்ப எழுது என்பார்கள். ஆனால் நீயும் அதே பெஞ்சில்தானே உட்கார்ந்தாய்? உன் அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பத்து அடித்தல். நீ பாட்டுக்கு அடித்துவிட்டு மேலே போயிருக்கிறாய். ஆகையால் சிஸ்டர் தலையில் பழியைப் போட எனக்கு வழி இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுதாத வரைக்கும் என் அத்தியாயம் உன்னுடையதைவிட உசத்தி. எழுதிவிட்டால் எது உசத்தி என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோகும். மூன்று வருஷமும் நான் காவல் காத்தது அதைத்தான்.

அப்புறம் செய்ததுதான் எழுதக் கை கூசுகிறது.

இரண்டாம் வருஷம் ஆடி மாதம். எப்படியும் இன்று ஆரம்பித்துவிடுவது என்று நோட்டைப் பிரித்தேன். உன் அத்தியாயத்தை முதலில் ஒருமுறை வாசித்துவிடலாம் என்று தோன்றியது. பக்கத்தில் சிவப்பு மைப் பேனா கிடந்தது. ஒரு இடத்தில் எழுவாய் சரியாக இல்லை, திருத்தினேன். ஒரு வாக்கியம் நீளம், வெட்டினேன். ஓரத்தில் "தெளிவில்லை" என்று எழுதினேன். அன்று முழுவதும் எனக்கு அவ்வளவு உற்சாகம். மூன்று நாளில் உன் ஒன்பது பக்கத்தையும் திருத்தி முடித்தேன். அந்தச் சுட்ட கம்பியின் பக்கத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "தேவையற்ற விவரம்." மூன்றாம் நாள் சாயங்காலம், நன்றாக வேலை செய்த திருப்தியோடு காப்பி குடித்தேன். நான் எழுதவேண்டிய பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

நீ ஏரல் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசுவாய். பின்னால் வாழைக்காய் லாரியின் ஹாரன் கேட்கும்.

"நம்ம வடிவு எங்கன நிக்கா?"

"வந்துக்கிட்டிருக்கா."

"இன்னுமா பஸ்ஸுல வாரா? டிரைவர் தூங்கிட்டானாட்டி?"

"பாதிக்கு மேல ஆயிட்டு. கொஞ்சம் செப்பனிடணும்."

"செப்பனிட வேண்டாம், அப்படியே குடு. எனக்கு மண்ட வெடிச்சிரும் போல இருக்கு."

பாதிக்கு மேல் ஆயிற்று என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? ஒரு வரி இல்லை உலகு. பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளை முட்டிபோட வைத்த பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான்.

போன ஐப்பசியில் நீ சொல்லாமல் வந்தாய். நல்ல மழை. தெருமுனையில் ஆட்டோவிலிருந்து நீ இறங்குவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டு வேலைக்கு வருகிற மாரியைக் கூப்பிட்டேன்.

"நான் இல்லன்னு சொல்லிரு."

"வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டேவா ஆச்சி?"

"சொன்னதச் செய்."

அறுபத்திரண்டு வயசில், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில், சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். நீ பேசியது ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"எங்க உங்க ஆச்சி?"

"வெளிய போயிருக்காவம்மா."

"இந்த மழையிலயா? குடை இங்கனதான தொங்குது?"

"நனைஞ்சுக்கிட்டே போயிட்டாவ."

"செருப்பும் போடாமயா?"

"கோயிலுக்கும்மா."

"சரிதான். கோயிலுக்குப் போனவ பைய வரட்டும். நீ ஒரு காப்பி போடு."

நீ சிரித்தாய். எனக்கும் உள்ளே சிரிப்பு வந்தது. அந்த நிமிஷமே வெளியே வந்திருந்தால் விளையாட்டோடு போயிருக்கும். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஒன்பது பக்கத்தையும் நீ நிதானமாகப் புரட்டினாய். எண்ணிக்கொண்டு நின்றேன். மாரி காப்பியைக் கொண்டுவந்து வைத்த சத்தம் கேட்டது. நீ எடுத்துக் குடித்த சத்தம் கேட்கவில்லை. நோட்டில் ரப்பர் வளையம் மாட்டுகிற சத்தத்துக்குப் பிறகு, "உங்க ஆச்சி நெறைய வேல பாத்திருக்கா" என்றாய். உன் குரல் எனக்குத் தெரியாததா? அதில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

போகும்போது வாசலில் நின்று மாரியிடம் சொன்னாய். "அந்தச் சாமான் ரூம்பு கதவக் கொஞ்சம் தொறந்துவிடு. உள்ள காத்து இருக்காது."

அடுத்த வாரம் உன் கார்டு வந்தது. இரண்டே வரி. நீ திருத்தியதெல்லாம் சரிதான். வடிவு எங்கே போகிறாள்?

பதில் போடவில்லை. ஒரு ஊர்ப்பெயர் போதும் உலகு, கார்டில் ஒரு ஊர்ப்பெயர் எழுதிப் போட்டிருந்தால்கூட நீ சந்தோஷப்பட்டிருப்பாய். முதலில் மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டும், அதைச் சரியான வார்த்தைகளில் கேட்கவேண்டும் என்று அதையும் தள்ளிப்போட்டேன். பங்குனியில் உன் மகள் மீனாவிடமிருந்து போன் வந்தது. காலையில் பூப் பறிக்கப் போன இடத்தில் உட்கார்ந்தாயாம், எழுந்திருக்கவில்லையாம்.

சின்ன வயசிலிருந்து என்னைப் பெரியம்மை என்று முறைவைத்துக் கூப்பிடுகிற மீனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பதினாறாம் நாள் சடங்கு முடிந்து எல்லாரும் கிளம்பும்போது என்னைத் தனியாக அழைத்துப்போனாள்.

"பெரியம்மை, அம்ம எழுதுன நோட்டு ஒண்ணு உங்ககிட்ட இருக்காம்லா? எங்ககிட்ட அவ கையெழுத்துன்னு பலசரக்குச் சீட்டத் தவிர ஒண்ணும் இல்ல. அத எனக்குத் தருவீயளா?"

அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்தே சொன்னேன், "எங்கயோ வச்சிருக்கேம்மா. தேடிப் பாக்கேன்" என்று. நீ இல்லாத வீட்டில், உன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன்.

எப்படிக் கொடுப்பேன்? அம்மா கையெழுத்தைப் பார்க்க ஆசைப்படுகிற பிள்ளை பிரித்துப் பார்த்தால், பக்கம் பக்கமாக என் சிவப்பு மைதான் முதலில் கண்ணில் படும். புது நோட்டு வாங்கி உன் அத்தியாயத்தை அழகாக எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அவள் கேட்டது உன் கையெழுத்தை. பிறகு பிளேடை எடுத்தேன். அந்தக் காலத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள் செய்கிற மாதிரி மையைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் ஓரளவு வந்தது. அடுத்த பக்கத்தில் தாள் கிழிந்து பொத்தலாகிவிட்டது. உன் வரி ஒன்றில் இரண்டு வார்த்தை போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், என்ன வார்த்தை என்று எனக்கு நினைவு வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து திருத்தினவளுக்கு, அங்கே நீ என்ன எழுதியிருந்தாய் என்று நினைவு வரவில்லை உலகு. பிளேடை வைத்துவிட்டேன்.

அது நினைவஞ்சலியைக் கொடுத்தனுப்பிய அதே வியாழக்கிழமை. மறுநாள் காலையில்தான் அந்தப் பொறுப்பாசிரியப் பெண்ணின் போன் வந்தது.

ரிசீவரை வைத்த கையோடு, குளிக்கக்கூடப் போகாமல், உன் நோட்டிலேயே உன் கடைசி வரிக்குக் கீழே எழுத ஆரம்பித்தேன். ரஃப் நோட்டு இல்லை. மாரி வந்து கூப்பிட்டாள், "அடுப்புல பாலு பொங்குது ஆச்சி!" என்றாள். பொங்கட்டும் என்றேன். பத்து மணிக்கு நாலரைப் பக்கம் ஆகியிருந்தது.

வடிவு எங்கே போகிறாள் என்று கேட்டாயே, சொல்கிறேன். கண்டக்டரிடம் மிடுக்காக "சாத்தான்குளம்" என்று சொல்லி டிக்கெட் வாங்கிவிடுகிறாள். ஆனால் பாதி வழியிலேயே அவளுக்கு ஒன்றுக்கு வந்துவிடுகிறது. கடைசிவரை அடக்கிப் பார்த்து, முடியாமல் பேய்க்குளத்தில் இறங்கி, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் போய், "அம்மா, உங்க வீட்டுக் கக்கூசு எங்கன இருக்கு?" என்று கேட்கிறாள். அந்த வீட்டுக்காரி அவளை மேலும் கீழும் பார்க்கிறாள். அங்கே நிறுத்தியிருக்கிறேன். நீ உருண்டு உருண்டு சிரித்திருப்பாய். சௌந்தரமா இப்படி எழுதினாள் என்று ஏரல் முழுவதும் சொல்லியிருப்பாய்.

நன்றாக இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கண்டக்டர் அளவுக்கு மேல் பேசுகிறார். பஸ் வர்ணனை புகார்க் கடிதம் மாதிரி இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரே வார்த்தை நாலு இடத்தில் வருகிறது. உன்னுடையதுதான் உசத்தி. மூன்று வருஷம் பயந்தது அப்படியே நடந்தது. தெரிந்துகொண்டேன், இதோ உட்கார்ந்துதான் இருக்கிறேன். உனக்கு இதைக் காட்ட முடியாதது ஒன்றைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ காத்திருந்தாயே. எவ்வளவோ பெரிய விஷயத்துக்குக் காத்திருந்தாய் என்றால்கூட மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவ்வளவு சின்ன விஷயத்துக்குக் காத்திருந்தாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் நான் ஏரல் வருகிறேன். நோட்டை மீனாவிடம் கொடுப்பேன். சிவப்பு மையோடு, பொத்தலோடு, என் நாலரைப் பக்கத்தோடு. தபாலில் அனுப்பமாட்டேன், யாரிடமும் கொடுத்தனுப்பமாட்டேன். அவள் பிரித்துப் பார்க்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பேன். இது யார் செய்தது என்று கேட்டால் நான் என்பேன். அம்மா இதைப் பார்த்தாளா என்றும் கேட்பாள். பார்த்தாள், அப்போது நான் சாமான் அறைக்குள் நின்றிருந்தேன் என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன் உலகு, வார்த்தை தேடமாட்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்னை எப்படிக் கூப்பிடுவாளோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரை உரிமை உண்டு என்று நினைத்து, அவள் கூப்பிடுகிற முறையைக் கீழே போட்டுக்கொள்கிறேன்.

மீனாவின் பெரியம்மை,
சௌந்தரம்